ஒரு மரம் மலைக்கே சோறு போட்டது, தெரியுமா?

அக்டோபர் பிறந்துவிட்டால் இத்தாலியின் ஒரு குட்டி மலையூருக்கு ஞாயிறுதோறும் ரயில் ரயிலாகக் கூட்டம் வந்து இறங்கும், தெரியுமா? பல ஆண்டுகளில் பழைய நீராவி எஞ்சின் பூட்டிய சிறப்பு ரயில்கூட விட்டிருக்கிறார்கள். எல்லாம் சுடச்சுட செஸ்ட்நட் என்ற கொட்டையைத் தின்னத்தான்!

ஊரின் பெயர் மர்ராதி. பிளாரன்ஸ் பெருநகரப் பகுதியின் ஆட்சி எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனால் அப்பெனைன் மலைத்தொடரைத் தாண்டி மறுசரிவில், லமோனே ஆற்றங்கரையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மக்கள்தொகை சுமார் 3,000. பிளாரன்ஸையும் ஃபயன்ஸாவையும் இணைக்க மலையைக் குடைந்து குடைந்து போட்ட ரயில் பாதை 1893-இல் முழுமை பெற்றது. அந்தப் பாதையில்தான் இன்றும் கூட்டம் வருகிறது. அக்டோபர் ஞாயிறு ஒவ்வொன்றிலும் தெரு நிறையக் கடைகள், கடை நிறையச் செஸ்ட்நட், ஊர் நிறைய விறகுப் புகை!

அந்தக் கொட்டையை எப்படிச் சுடுகிறார்கள் தெரியுமா? அடியில் துளை துளையாகப் போட்ட இரும்புச் சட்டி, அதற்கு ஆள் நீளத்துக்குக் கைப்பிடி. விறகு நெருப்பின் மேல் சட்டியை விடாமல் குலுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். திருவிழா அளவுக்குப் போதாது என்றால் பெரிய உருளைக்குள் கொட்டி நெருப்பின் மேல் சுழற்றுகிறார்கள். சுடுவதற்கு முன்னால் ஒவ்வொரு கொட்டையின் தோலிலும் கத்தியால் ஒரு கீறல் போட்டே ஆக வேண்டும். மறந்தால் என்ன ஆகும் தெரியுமா? செஸ்ட்நட்டில் ஏறக்குறையப் பாதி எடை தண்ணீர். அது ஆவியாகி வெளியே போக வழியில்லாமல் கொட்டை பட்டென்று வெடித்துவிடும்! சுட்டு முடித்ததும் உடனே தட்டில் போட மாட்டார்கள். கம்பளித் துணியில் சுற்றிக் கொஞ்ச நேரம் மூடி வைப்பார்கள். உள்ளே ஆவி பிடித்து, மேல்தோலும் உள்தோலும் சேர்ந்தே கழன்று வரும். இந்தப் பொறுமை இல்லாதவர்கள் நகக்கண்ணில் தோலைக் குத்திக்கொண்டு அவதிப்பட வேண்டியதுதான்.

சுட்டது ஒரு பக்கம். அவித்து மசித்த செஸ்ட்நட்டோடு பாலும் முட்டையும் சர்க்கரையும் சேர்த்துச் செய்யும் கேக், செஸ்ட்நட் பூரணம் வைத்த பாஸ்தா, செஸ்ட்நட் ஜாம், நாள்கணக்கில் சர்க்கரைப் பாகில் ஊறி மினுமினுக்கும் முழுக் கொட்டைகள் என்று இன்னொரு பக்கம் கடை விரிந்து கிடக்கும். செஸ்ட்நட் பூவிலிருந்து தேனீக்கள் எடுக்கும் தேன் அடர்ந்த நிறத்தில் இருக்கும், லேசாகக் கசக்கவும் செய்யும். கசக்கும் தேன்! நம்ப முடிகிறதா?

இந்த ஊர்க்காரர் ஒருவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கவிஞர் தீனோ கம்பானா 1885-இல் பிறந்தது இதே மர்ராதியில்தான். 1913-இல் தன் கவிதைகளின் ஒரே கையெழுத்துப் பிரதியை இரண்டு எழுத்தாளர்களை நம்பிக் கொடுத்தார். அது தொலைந்துபோனது. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? பெரும்பகுதி நினைவிலிருந்தே முழு நூலையும் மறுபடி எழுதினார்! 'கான்தி ஓர்ஃபிசி' என்ற அந்த நூல் 1914-இல் மர்ராதியிலேயே அச்சானது. தொலைந்த பிரதி 1971-இல் அகப்பட்டது. கம்பானா அதற்கு 39 ஆண்டுகள் முன்பே மனநல மருத்துவமனையில் இறந்திருந்தார். செஸ்ட்நட் தின்னப் போகிறவர்கள் அவர் பிறந்த ஊர்த் தெருக்களில்தான் நடக்கிறார்கள் என்று நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது.

சரி, கொட்டைக்கு வருவோம். ஊமத்தங்காயைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? செஸ்ட்நட்டின் வெளிக்கூடு அப்படித்தான் உருண்டையாக, முள்ளும் முள்ளுமாக இருக்கும். முள் மட்டும் இன்னும் நெருக்கம், இன்னும் கூர்மை. பழுத்ததும் கூடு நான்காகப் பிளந்து கொட்டையைத் தரையில் உதிர்த்துவிடும். மரத்தில் ஏறிப் பறிக்க வேண்டியதே இல்லை. குனிந்து பொறுக்கினால் போதும், ஆனால் கையுறை இல்லாமல் தொட முடியாது. ஒரு கூட்டுக்குள் வழக்கமாக மூன்று கொட்டைகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். அதனால்தான் நடுக்கொட்டை இருபுறமும் தட்டையாக இருக்கிறது.

இத்தாலியர்கள் கொண்டாடும் ராஜாக் கொட்டை வேறு. அதற்கு மர்ரோனே என்று பெயர். பெரியது, உருண்டது, உள்தோல் சதைக்குள் மடிந்து போகாமல் சுலபமாக உரிந்து வருவது, இனிப்பு அதிகம். மர்ராதியைச் சுற்றியுள்ள முஜெல்லோ வட்டாரத்து மர்ரோனேவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடே உண்டு. இதில் இயற்கை செய்த விந்தை என்ன தெரியுமா? இந்த மர்ரோனே மரத்தின் ஆண் பூக்களில் மகரந்தம் உருவாவதே இல்லை! காய்க்க வேண்டுமானால் பக்கத்தில் வேறு ரகச் செஸ்ட்நட் மரம் நின்றாக வேண்டும். கொட்டையை விதைத்தாலும் அதே ரகம் முளைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை, ஒட்டுக்கட்டித்தான் பெருக்க வேண்டும். அப்படியானால் இன்று காய்க்கும் ஒவ்வொரு மர்ரோனே மரத்தையும் யாரோ ஒரு மனிதக் கைதான் ஒட்டுக்கட்டியிருக்கிறது. தாத்தா ஒட்டிய மரம், அவருடைய தாத்தா ஒட்டிய கிளையிலிருந்து வந்த மரம் என்று நூற்றாண்டுகளாகக் கைமாறி வந்த ரகம் இது. மனிதன் விட்டுவிட்டால் மர்ரோனே இல்லை. இந்தத் திருவிழாக்களைப் பற்றி எனக்குத் தெரிந்த விஷயங்களிலேயே மிகப் பெரியது இதுதான் என்பேன்.

ஏனென்றால் மறுபக்கமும் அதே அளவு உண்மை. மரம் இல்லாவிட்டால் அந்த மனிதர்களும் இல்லை! கோதுமை விளையாத சரிவு, ஏர் ஓட்ட முடியாத பாறை நிலம். அங்கே பல தலைமுறைகள் எதைத் தின்று பிழைத்தன தெரியுமா? செஸ்ட்நட்டைத்தான். பாதாம், முந்திரி எல்லாம் கொழுப்பு நிறைந்தவை. செஸ்ட்நட்டில் கொழுப்பு 100 கிராமுக்கு 2 கிராம் அளவுதான், தண்ணீர் போக மீதியில் பெரும்பங்கு மாவுச்சத்து. கொட்டை வடிவத்தில் வந்த தானியம் என்றே சொல்லிவிடலாம். மலைமக்கள் இதற்கு 'ரொட்டி மரம்' என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியப் படையின் தற்காப்புக் கோடு இந்த அப்பெனைன் மலைகளின் குறுக்கேதான் ஓடியது. அந்தப் பசிக் காலத்திலும் மலையூர்களின் உயிரைப் பிடித்து வைத்ததில் செஸ்ட்நட் மாவுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் பாதி தண்ணீர் நிறைந்த கொட்டை சில வாரங்களில் பூசணம் பிடித்துவிடுமே, குளிர்காலம் முழுவதும் எப்படிச் சாப்பிட்டார்கள்? இங்கேதான் மெத்தாத்தோ வருகிறது!

மெத்தாத்தோ என்பது காட்டுக்குள்ளேயே கட்டிய சின்னக் கல் வீடு. உள்ளே நடுவில், உயரத்தில், மரச்சட்டங்களை இடைவெளி விட்டு அடுக்கிய ஒரு பரண். பரண் மேல் செஸ்ட்நட்டைக் குவித்துப் பரப்புவார்கள். கீழே தரையில் செஸ்ட்நட் கட்டைகளையே போட்டு நெருப்பு மூட்டுவார்கள். நெருப்பு கொழுந்துவிடவே கூடாது! போன வருடத்துக் கொட்டைத் தோல்களை மேலே போட்டு அமுக்கி, கனலும் புகையுமாகவே வைத்திருக்க வேண்டும். எத்தனை நாள் தெரியுமா? 30 முதல் 40 நாள், இரவும் பகலும்! நெருப்பு அணைந்தாலும் நஷ்டம், எழும்பினாலும் நஷ்டம். அதனால் யாராவது ஒருவர் காவல் இருந்தே ஆக வேண்டும். வெளியே குளிர், உள்ளே கதகதப்பு. அக்கம்பக்கத்தார் மாலையானால் அங்கேயே வந்து கூடிவிடுவார்கள். பாட்டிகள் கதை சொன்னதும், பெண்கள் நூல் நூற்றதும், கல்யாணப் பேச்சு நடந்ததும் அந்தப் புகைக்குக் கீழேதான்.

காய்ந்ததும் கொட்டை கல்லாக இறுகிவிடும். அதைச் சாக்கில் கட்டி மரக்கட்டையில் அடிஅடியென்று அடிப்பார்கள், அல்லது அடியில் பல் பல்லாக வைத்த கனத்த செருப்பைப் போட்டுக்கொண்டு மிதிப்பார்கள். தோல் நொறுங்கிப் பறந்துபோகும். பிறகு புடைத்து, ஓடைத் தண்ணீரில் சுழலும் கல் இயந்திரத்தில் மெல்ல மெல்ல அரைப்பார்கள். மூன்று மூட்டை பச்சைக் கொட்டை போட்டால் ஏறத்தாழ ஒரு மூட்டை காய்ந்த கொட்டைதான் தேறும். ஆனால் அந்த மாவு சர்க்கரையே சேர்க்காமல் இனிக்கும், மெல்லிய புகை வாசம் வீசும்! துஸ்கனியின் கர்ஃபஞானா பள்ளத்தாக்கில் இன்றும் இதே முறையில்தான் மாவு தயாராகிறது. அதன் பெயருக்கு 2004 முதல் ஐரோப்பியச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது.

அந்த மாவில் என்ன செய்வார்கள்? குளூட்டன் இல்லாத மாவு என்பதால் ரொட்டியாக உப்பாது. தட்டையாகத்தான் சுட முடியும். நெச்சி என்ற அடை இருக்கிறது. மாவும் தண்ணீரும் உப்பும் மட்டும் கரைத்து, நீளக் கைப்பிடி வைத்த இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவே ஊற்றி நெருப்பில் காட்டுவார்கள். வெந்ததும் உள்ளே ரிக்கோத்தா என்ற மென்மையான பாலாடைக்கட்டியை வைத்துச் சுருட்டித் தருவார்கள். பிஸ்தோயா மலைப்பக்கத்தில் பழைய முறை இன்னும் அழகு. சூடேற்றிய கல் தட்டுகளுக்கு இடையில் செஸ்ட்நட் இலையை விரித்து, மாவை ஊற்றி, மேலே இன்னொரு இலை, அதன் மேல் இன்னொரு கல் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். கோடையில் பறித்துக் காயவைத்த இலையைத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் பயன்படுத்த வேண்டும். மாவும் அந்த மரம், இலையும் அந்த மரம், அடுப்பில் எரிவதும் அந்த மரம்!

காஸ்தாஞ்ஞாச்சோ என்ற பலகாரத்திலும் சர்க்கரை ஒரு துளிகூடக் கிடையாது. செஸ்ட்நட் மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், பைன் விதை, உலர் திராட்சை, மேலே ரோஸ்மேரி இலை. அவ்வளவுதான். 1553-இல் ஒர்தென்சியோ லாந்தோ என்பவர் எழுதிய நூலிலேயே இது வருகிறது என்றால் எத்தனை பழமை பாருங்கள்! லூனிஜானா பக்கத்தில் மாவோடு கொஞ்சம் கோதுமையும் அவித்த உருளைக்கிழங்கும் பிசைந்து, மரோக்கா என்ற கெட்டியான கறுப்பு ரொட்டியையும் சுட்டுவிடுகிறார்கள்.

இந்தக் காடுகளைத் தானாக வளர்ந்தவை என்று நினைத்துவிடாதீர்கள். வட இத்தாலியின் பெரும்பகுதியை ஆண்ட கனோசா கோமாட்டி மதில்தா (1046–1115) தன் நாட்டு மலைகளில் செஸ்ட்நட் நடுவதை ஊக்குவித்தவர் என்று போற்றப்படுகிறார். இத்தனை அடிக்கு ஒரு மரம் என்று இடம் விட்டு, முக்கோண வடிவில் நடும் முறைக்கு இன்றும் அவர் பெயரைச் சொல்கிறார்கள். 900 ஆண்டு கடந்தும் ஒரு கோமாட்டியின் பெயர் மரத்துக்கும் மரத்துக்கும் இடையிலுள்ள தூரத்தில் வாழ்கிறது! இன்று இத்தாலியில் செஸ்ட்நட் காடுகளின் பரப்பு சுமார் 7.8 லட்சம் ஹெக்டேர்.

திருவிழா மர்ராதியில் மட்டும் என்றா நினைத்தீர்கள்? இலையுதிர் காலத்தில் ஆல்ப்ஸ் அடிவாரம் தொடங்கிச் சிசிலி வரை மலையூர்களில் இதே கொண்டாட்டம்தான். ரோமுக்கு வடக்கே சோரியானோ நெல் சிமினோவில் ஊர் நான்கு பேட்டைகளாகப் பிரிந்து மோதுகிறது. பாப்பாக்குவா, ரோக்கா, சான் ஜோர்ஜோ, திரினிதா என்ற நான்கு பேட்டைக்காரர்களும் இடைக்கால உடையில் ஊர்வலம் வருவார்கள், வில்வித்தையில் போட்டி போடுவார்கள், பாயும் குதிரை மேலிருந்து ஈட்டியால் வளையத்தைக் கொத்துவார்கள். மேலே நிற்கும் ஓர்சினி கோட்டைக்குப் பெயர் தந்த குடும்பத்தில்தான் போப் மூன்றாம் நிக்கோலஸ் பிறந்தார். 1280-இல் அவர் உயிர் பிரிந்ததும் இதே சோரியானோவில்தான். பின்னாளில் அந்தக் கோட்டை நெடுங்காலம் சிறைச்சாலையாகவும் இருந்தது. கொட்டைத் திருவிழாவுக்குப் போனால் இத்தனை வரலாறும் சேர்ந்து கிடைக்கிறது!

அமியாத்தா மலைமேல் பியான்காஸ்தாஞ்ஞாயோ என்று ஓர் ஊர், பெயருக்குள்ளேயே செஸ்ட்நட் இருக்கிறது. நேப்பிள்ஸுக்குக் கிழக்கே மலைகளுக்குள் இருக்கும் மொந்தெல்லாவின் செஸ்ட்நட்தான் 1987-இல், அதுவரை ஒயினுக்கும் பாலாடைக்கட்டிக்கும் கிடைத்துவந்த தரக்குறியீட்டை இத்தாலியில் முதன்முதலாகப் பெற்ற விளைபொருள். அங்கே தோலோடு புகையில் உலர்த்தி, அடுப்பில் வறுத்து, மறுபடி ஈரம் ஏற்றி மெத்தென்று ஆக்கும் ஒரு ரகம் உண்டு. 'பாதிரியார் செஸ்ட்நட்' என்பார்கள். கிறிஸ்துமஸுக்கு அது இல்லாமல் அந்த வட்டாரத்துக்கு விடியாது.

சிசிலியில், எட்னா எரிமலையின் சரிவில், சாந்தால்ஃபியோ என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு செஸ்ட்நட் மரம் நிற்கிறது. 1780-இல் அதன் சுற்றளவை அளந்தபோது எவ்வளவு வந்தது தெரியுமா? 57.9 மீட்டர்! உலகிலேயே அளக்கப்பட்ட மிகப் பருமனான மரம் என்று கின்னஸ் நூலில் ஏறியிருக்கிறது. இப்போது தரைக்கு மேல் தனித்தனி அடிமரங்களாகப் பிரிந்து நின்றாலும் வேர் ஒன்றுதான் என்கிறார்கள். வயது 2,000-லிருந்து 4,000 ஆண்டு வரை மதிப்பிடுகிறார்கள். மழைக்கு ஒதுங்கிய ஓர் அரசிக்கும் அவளுடைய 100 குதிரை வீரர்களுக்கும் நிழல் கொடுத்தது என்ற கதையால் அதன் பெயரே 'நூறு குதிரைச் செஸ்ட்நட்'. கதை கிடக்கட்டும், 1745-லேயே இந்த மரத்தைக் காப்பாற்ற அரசு ஆணை பிறப்பித்தார்களாம். சுற்றுச்சூழல் என்ற பேச்சே எழாத காலத்தில்!

இப்படிப்பட்ட செஸ்ட்நட் இனமே ஏறக்குறைய அழிந்து போயிருக்கும், தெரியுமா? ஒரு முறை அல்ல, இரண்டு முறை!

முதலாவது ஒரு பூஞ்சை. ஆசியாவிலிருந்து வந்தது. 1904-இல் நியூயார்க் விலங்குக் காட்சிசாலையில் முதன்முதலாகக் கண்டார்கள். அரை நூற்றாண்டுக்குள் 300 முதல் 400 கோடி அமெரிக்கச் செஸ்ட்நட் மரங்களைக் கொன்று தீர்த்தது. அதே பூஞ்சை 1938-இல் இத்தாலியின் ஜெனோவா அருகே வந்து இறங்கியது. பட்டை வெடித்து, கிளை காய்ந்து, மலை மலையாக மரங்கள் சாகத் தொடங்கின. எல்லோரும் கைவிட்டுவிட்டார்கள். ஆனால் 1950-களில் அந்தோனியோ பிராகி என்ற இத்தாலிய விஞ்ஞானி ஓர் அதிசயத்தைக் கவனித்தார். நோய் கண்ட மரங்கள் சில, யாரும் மருந்து போடாமலே தாமாக ஆறிக்கொண்டிருந்தன! பிறகு பிரான்சில் ழான் கிராந்த் அந்தப் பூஞ்சையை ஆராய்ந்து, அது வீரியம் இழந்திருப்பதைக் கண்டுபிடித்தார். காரணம் என்ன தெரியுமா? பூஞ்சைக்கே நோய் வந்திருந்தது! ஒரு வைரஸ் பூஞ்சைக்குள் புகுந்து அதைச் சோர்வாக்கிவிட்டது. அந்த வைரஸ் ஒரு பூஞ்சையிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றிக்கொண்டே போனதால் ஐரோப்பாவின் செஸ்ட்நட் காடுகள் பிழைத்தன. எதிரிக்குக் காய்ச்சல் வந்து ஊர் தப்பித்த கதை!

இரண்டாவது ஒரு குட்டிக் குளவி, மூன்று மில்லிமீட்டர்கூட இல்லாதது. சீனாவைப் பூர்வீகமாகக் கொண்ட அது 2002-இல் பியமோந்தே மாநிலத்தின் குனேயோ வட்டாரத்தில் தென்பட்டது. மொட்டுக்குள் முட்டையிடும், மொட்டு வீங்கிக் கரணையாகிவிடும், பிறகு பூவும் இல்லை காயும் இல்லை. இந்த இனத்தில் ஆண் குளவியே கிடையாது என்றால் நம்புவீர்களா? அத்தனையும் பெண். துணையே இல்லாமல் முட்டையிட்டுப் பெருகுபவை. ஒரே ஒரு குளவி வந்தால் போதும், ஒரு காடே பாழாகும். சில ஆண்டுகளுக்குள் தீபகற்பம் முழுவதும் பரவி விளைச்சலைச் சரித்துவிட்டது. கொட்டையே இல்லாமல் கொட்டைத் திருவிழா எப்படி நடத்துவது?

தூரின் பல்கலைக்கழகத்து விஞ்ஞானிகள் பூச்சிமருந்தை நாடவில்லை. தேனீக்களும் திருவிழாக்காரர்களும் வாழும் காட்டில் மருந்தடிப்பதா? ஜப்பானில் இதே குளவியைக் கட்டுப்படுத்திய இன்னொரு குட்டிக் குளவி இருந்தது. அது கரணைக்குள் துளைத்து, உள்ளே இருக்கும் புழுவின் மேல் தன் முட்டையை இடும். அதன் குஞ்சு அந்தப் புழுவையே தின்று வளரும். 2005-இல் பியமோந்தேயில் அதைத் திறந்துவிட்டார்கள். பின்னர் ஊர் ஊராக, காடு காடாக விட்டுக்கொண்டே போனார்கள். பத்து ஆண்டுகளுக்குள் பியமோந்தேயில் குளவியின் கொட்டம் அடங்கியது. மற்ற மாநிலங்களிலும் கொட்டை திரும்பி வந்தது.

திருவிழாக் கூட்டத்தில் நின்று பொட்டலம் வாங்கியவர்களுக்கு ஒரு யோசனையும் அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். வீட்டுக்குக் கொண்டுபோகும் பச்சைக் கொட்டையைச் சில நாள் குளிர்ந்த தண்ணீரில் ஊறப்போடுங்கள், தண்ணீரை மட்டும் மாற்றிக்கொண்டே இருங்கள். புழு வைத்தவை மேலே மிதந்து வந்துவிடும், மிச்சம் லேசாகப் புளித்துப் பூசணம் பிடிக்காமல் நிற்கும். நிழலில் உலர்த்தி எடுத்தால் பல வாரம் தாங்கும். எதற்குத் தாங்க வேண்டும் என்கிறீர்களா? நவம்பர் 11 புனித மார்ட்டின் திருநாள். அன்றுதான் அந்த ஆண்டின் புது ஒயின் பீப்பாயைத் திறப்பார்கள். புது ஒயினுக்குத் தொட்டுக்கொள்ளச் சுட்ட செஸ்ட்நட் இருந்தே தீர வேண்டும்!